பீப்பாய்க்குள் ஏறிய சிலந்தி

ஜெர்மனியில் என்ன பார்த்தாய் என்று கேட்கிறார்கள். ஒரு சிலந்தியைப் பார்த்தேன் என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கோட்டை, பனி, நேரம் தவறாத ரயில், குப்பை இல்லாத தெரு, இதெல்லாம் சொல்ல வேண்டுமாம். அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். போய் அவர்களைக் கேளுங்கள்.

என்னை அனுப்பியது மில். கோயம்புத்தூரில் நான் ஃபிட்டர். முதலாளி ஜெர்மனியிலிருந்து புது நூற்பு இயந்திரங்கள் வாங்கியிருந்தார். பூட்டவும் கழற்றவும் கற்றுக்கொண்டு வா என்று அதைச் செய்கிற தொழிற்சாலைக்கே என்னை ஏற்றிவிட்டார். அறுபதுகளின் கடைசி. ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே கிடந்தேன். ரைன் நதிக்கரையில், மைன்ட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், ஆனால் ரோஷக்காரர்கள்.

போய் இறங்கிய அன்று மதியம் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். மறுநாளும் உருளைக்கிழங்கு. மூன்றாம் நாள் வேறு ஏதோ போல இருந்தது. கிண்டிப் பார்த்தால் உருளைக்கிழங்கை மசித்து உருண்டையாகப் பிடித்திருந்தார்கள். பக்கத்தில் புளித்த முட்டைக்கோஸ். நம் ஊர் ஜெயிலில் இப்படிப் போட்டால் கைதிகள் கூரைமேல் ஏறிவிடுவார்கள். இங்கே இஞ்சினியர்கள் நன்றி சொல்லிச் சாப்பிடுகிறார்கள்.

எனக்கு அறை ஒதுக்கியது ஒரு விதவை அம்மாளின் வீட்டு மாடியில். அடுத்த அறையில் நெடுநெடுவென்று ஓர் ஆள். கானா நாட்டுக்காரன், அசாந்தி இனத்தான், அவனும் ஒரு மில்லிலிருந்து பயிற்சிக்கு வந்தவன். வந்து மூன்று வருஷமாகிவிட்டதால் ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு. பெயர் குவாக்கு. என் பெட்டியைப் பார்த்தான். வணக்கமில்லை, ஒன்றுமில்லை. "மிளகாய் கொண்டுவந்தாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். கொண்டுவந்திருந்தேன். அதோடு சிநேகமாகிவிட்டோம்.

இந்த ஊர்க் கடையில் மிளகாய்த்தூள் என்று நினைத்து அவன் முன்பு வாங்கி வைத்திருந்ததைக் காட்டினான். சிவப்பாக இருந்தது. நாக்கில் போட்டேன். செங்கல் பொடிக்குக்கூடக் கொஞ்சம் காரம் இருக்கும். "இதைத்தான் மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறேன்" என்றான். அவன்மேல் எனக்கு உண்மையான இரக்கம் வந்தது.

அன்று மாலை நிலக்கடலையை வறுத்து அரைத்து, தக்காளியும் கோழியும் போட்டு, என் மிளகாயை அள்ளிப் போட்டு ஒரு குழம்பு வைத்தான். எங்கள் பக்கம் விளையாத கடலையா? அதில் குழம்பு வைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் மூக்கொழுகச் சாப்பிட்டோம். வீட்டுக்கார அம்மாள் இருமிக்கொண்டே வந்து, பனி கொட்டுகிற நேரத்தில் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டுப் போனாள். வாயில் எரிச்சல், முதுகில் குளிர். நல்ல சாப்பாடு.

என்னைத் தவிர தமிழ் பேச அந்தப் பக்கத்தில் இருந்தவர் ஜெயராஜ் ஒருவர்தான். பாளையங்கோட்டைப் பிள்ளை, டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்க ரயில் ஏறினேன். இந்த நாட்டில் ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரியும் என்று எவனும் என்னிடம் சொல்லவில்லை. முன்பாதி ஓர் ஊருக்குப் போகும், பின்பாதி வேறு ஊருக்கு. இடம் காலியாக இருக்கிறதே என்று நான் பின்பாதியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஒரு சந்திப்பில் டார்ம்ஸ்டாட் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். நரைத்த மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. என் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சும்மா இருப்பேனா? ரயிலைப் பிய்க்கிறவன் முன்னாடியே சொல்ல வேண்டாமா என்று தமிழிலேயே கத்தினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அடுத்த நிலையத்தில் இறக்கிவிட்டு, தானும் இறங்கி, எதிர் வண்டியில் சரியான பெட்டியைக் காட்டினார். பிறகு தெரிந்த ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "நீ முட்டாள். பொய்யன் இல்லை. அதனால் அபராதம் இல்லை."

கோபப்படுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் வண்டியில் ஏறினேன்.

குவாக்குவுக்கு ஒரு காதல் இருந்தது. பெயர் ரெனாட்டே. தொழிற்சாலை வரைபட அறையில் வேலை பார்ப்பவள். துணிச்சல்காரி, வாய்க்காரி. வசந்தத்தில் குவாக்குவின் பயிற்சி முடிகிறது, அவன் ஊர் திரும்பியாக வேண்டும். கல்யாணம் செய்துகொண்டு அவளும் அவன் ஊரான குமாசிக்குப் போவதாகப் பேச்சு. நடுவில் நின்றது அவள் அப்பா.

"எனக்குக் கல்யாண வயசு வந்துவிட்டது. சட்டப்படி அவரைக் கேட்கவே தேவையில்லை" என்று ரெனாட்டே என்னிடம் சொன்னாள். "ஆனால் அம்மா செத்த பிறகு அவர் தனியாள். சண்டை போட்டுக்கொண்டு மேஜையில் ஒற்றைத் தட்டோடு அவரை உட்காரவைத்துவிட்டு நான் கப்பல் ஏறமாட்டேன். அவர் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் இல்லை."

குவாக்குவிடம் கேட்டேன்: "அவர் சொல்லாவிட்டால்?"

"சொல்லாவிட்டால் நான் தனியாகப் போவேன்" என்றான். எப்போதும் சிரிக்கிறவன் அதைச் சிரிக்காமல் சொன்னான்.

அப்பா அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு அழைத்தார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனான். அன்று ஜெயராஜ் என் சமையலைச் சாப்பிட வந்திருந்தார், அவரும் ஒட்டிக்கொண்டார். கதவைத் திறந்தவரைப் பார்த்தேன். நரைத்த மீசை. ரயில் பரிசோதகர். என்னை மேலும் கீழும் பார்த்து, "முன்பாதியா, பின்பாதியா?" என்றார். அவர் பெயர் வேபர் என்று அப்போதுதான் தெரியும்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைக் காப்பி என்றால் காப்பி இல்லை, கேக். செர்ரிப் பழமும் கிரீமும் வைத்து அடுக்கடுக்காக ஒரு கோபுரம். அதை எல்லாரும் முதுகை நிமிர்த்தி, முள்கரண்டியால் சத்தமில்லாமல் இடிக்கிறார்கள். பேச்சும் அப்படித்தான், சத்தமில்லாமல். வெளியே நாலரை மணிக்கே இருட்டிவிட்டது.

வேபர் கேட்டார்: "உங்கள் ஜனங்களிடம் என்ன கதைகள் இருக்கின்றன? என் மகள் ஏதோ சிலந்தி என்கிறாள்."

குவாக்கு முதலில் ஜன்னலைப் பார்த்தான். அவன் ஊரில் சிலந்திக் கதையைப் பகலில் சொல்லக்கூடாது. இருட்டிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு தட்டைத் தள்ளிவைத்தான். அவன் ஜெர்மனில் சொல்லச் சொல்ல ஜெயராஜ் என் காதில் தமிழில் ஊதினார்.

"நாங்கள் சொல்லப்போவது உண்மை இல்லை. உண்மை என்று நாங்கள் சொல்லவே இல்லை" என்று ஆரம்பித்தான்.

வேபர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்தக் காலத்தில் உலகத்துக் கதைகள் எல்லாம் வானத்துக் கடவுள் நியாமேயிடம் இருந்தன. அவற்றை விலைக்கு வாங்க ஒரு சிலந்தி போனான். அவன் பெயர் குவாக்கு அனான்சி."

"உன் பெயர்?" என்றார் வேபர்.

"ஆமாம். புதன்கிழமை பிறந்த ஆண்பிள்ளை எல்லாம் எங்கள் ஊரில் குவாக்குதான். சிலந்தியும் புதன்கிழமை பிறந்தவன்."

"இந்தச் சிலந்தி எப்படிப்பட்ட ஆள்?"

"பெரிய ஏமாற்றுக்காரன்" என்றான் குவாக்கு, பெருமையாக.

நான் நம் வழக்கப்படி "உம்" என்றேன். கதை கேட்கிறவன் உம் கொட்டாவிட்டால் சொல்கிறவனுக்கு நாக்கு எப்படி எழும்பும்? வேபர் என் பக்கம் திரும்பி, கேக் பிடிக்கவில்லையா என்று கேட்டார். ஜெயராஜ் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"அண்ணாச்சி, சும்மா இரியும். இங்க ஒருத்தர் பேசுறப்போ சவுண்ட் கொடுக்கப்படாது. பேட் மேனர்ஸ்னு நெனப்பாவ."

"கதை சொல்றப்பவுமாங் தம்பி?"

"கதை சொல்றப்போதான் முக்கியமா."

வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

குவாக்கு நாலு வாக்கியம் சொல்வான், நிறுத்துவான், எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்ப்பான். ஒருவரும் அசைய மாட்டார்கள். மறுபடி தொடங்குவான், நிறுத்துவான். ரெனாட்டே பரிதாபமாகத் தலையை ஆட்டினாள். வேபர் சர்ச்சில் பிரசங்கம் கேட்பதுபோலக் கைகளைக் கோத்துக்கொண்டு, மரியாதையாக, கல்லாக உட்கார்ந்திருந்தார். சுவர்க்கடிகாரம் மட்டும் பேசியது. மலைப்பாம்பைச் சிலந்தி தேடிப்போகிற இடத்தில் கதை நொண்டியடித்து நின்றேவிட்டது. "அவ்வளவுதான்" என்று குவாக்கு முணுமுணுத்தான். அவ்வளவு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

வேபர் எழுந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"இருபத்தைந்து வருஷம் பொய் கேட்டிருக்கிறேன்" என்றார். "டிக்கெட் தொலைந்தது என்பான், பாட்டி செத்தாள் என்பான். இந்த இளைஞன் என் வீட்டில் முதல் வாக்கியமே நான் சொல்வது உண்மையில்லை என்கிறான். அடுத்த வாக்கியத்தில் ஏமாற்றுக்காரனுக்குத் தன் பெயரையே வைக்கிறான். பாதியில் நிறுத்தி நிறுத்தி, நம்புகிறார்களா என்று எங்கள் முகத்தைப் பார்க்கிறான். ஆப்பிரிக்கா தூரம் என்று நான் சொல்லவில்லை. தோல் வேறு என்றும் சொல்லவில்லை. பொய்யனோடு மகளை அனுப்பமாட்டேன்."

ரெனாட்டே தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு தட்டு உடைகிற சத்தம் கேட்டது. கைதவறி விழுந்த சத்தம் இல்லை அது.

திரும்பி நடக்கையில் குவாக்கு சொன்னான்: "முதல் வாக்கியம் அப்படித்தான் இருக்க வேண்டும். கதை சொல்கிறவன் இது கதைதான் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்கிறான். அதைவிட நாணயம் என்ன இருக்கிறது? நான் நிறுத்தினது நீங்கள் குறுக்கே வருவதற்காக. எங்கள் ஊரில் எவனாவது எழுந்து, கதையை நிறுத்து, அன்று நானும் அங்கே இருந்தேன் என்பான். ஒரு பாட்டை எடுத்துவிடுவான். கூட்டமே பாடும். அப்புறம்தான் கதை நகரும். குறுக்கே யாரும் வராவிட்டால் அந்தக் கதை ஒருவருக்கும் வேண்டாம் என்று அர்த்தம்."

"இதை அங்கேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"குறுக்கே வாருங்கள் என்று எந்த மடையன் கேட்டு வாங்குவான்?"

அதுவும் நியாயம்தான். உம் கொட்டு என்று நாம் பிள்ளைகளிடம் சொல்லுவோம். மாமனார் ஆகப்போகிறவரிடம் எப்படிச் சொல்வது?

அதன்பின் சில வாரங்கள் வீடு கெட்டுக்கிடந்தது. கடலைக் குழம்பில் காரம் அப்படியே இருந்தது, பேச்சு இல்லை. ரெனாட்டே தொழிற்சாலையில் தலையைக் குனிந்து கோடு போட்டாள். கோடுகள் நேராகத்தான் இருந்தன, அவள்தான் கோணலாகிவிட்டாள்.

பிப்ரவரியில் அந்த ஊருக்குப் பைத்தியம் பிடித்தது.

அந்தப் பக்கத்து ஜெர்மானியர்களுக்கு நோன்புக் காலம் தொடங்குமுன் ஒரு திருவிழா உண்டு. சங்கங்கள் வைத்து, மண்டபம் பிடித்து, கூடிக் கூடிக் கூத்தடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டத்துக்கு ரெனாட்டே எங்கள் மூவருக்கும் அனுமதிச் சீட்டு கொடுத்தாள். "வீட்டில் உட்கார்ந்து அழுவதைவிட அங்கே உட்கார்ந்து அழலாம்" என்றாள்.

மண்டபத்தில் நுழைந்தேன். என்னை வேலை வாங்குகிற மேஸ்திரி கோழி வேஷத்தில் இருந்தான். பேங்க் குமாஸ்தா தலையில் ஒரு புனல். மேடையில் நீள மேஜை போட்டுச் சங்கத்தின் பதினோரு பெரிய மனிதர்கள், ஆளுக்கொரு கோமாளிக் குல்லாய். அதில் மூன்றாவது ஆள், நரைத்த மீசை, குல்லாய் நுனியில் மணி கிணுகிணுக்க, வேபர்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அவரேதான். சிரிப்பு இல்லை. அந்தக் குல்லாயையும் ரயில்வே தொப்பி மாதிரி நேராக அணிந்திருந்தார்.

எங்கள் பக்கத்து மேஜைக்கு முகத்தில் கரி பூசிக்கொண்டு, இடுப்பில் காகிதப் புல் கட்டிக்கொண்டு ஒருவன் வந்து உட்கார்ந்தான். ஆப்பிரிக்க வேஷமாம். எனக்குக் கை துறுதுறுத்தது. குவாக்கு அவனைப் பார்த்து, ஒரு மருத்துவர் நோயாளியிடம் பேசுவதுபோல, "காதுக்குப் பின்னால் பூச மறந்துவிட்டாய். வேர்வையிலும் ஒழுகுகிறது. என்னுடையதைப் பார், ஒழுகவே ஒழுகாது" என்றான். அவன் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, மேஜைத் துணியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்தபின் பார்த்தால் எங்கள் தொழிற்சாலை மின்சாரப் பிரிவுக்காரன். வெட்கப்பட்டு எங்களுக்குப் பீர் வாங்கிக் கொடுத்தான். குடித்தோம்.

மேடைக்கு நடுவில் ஒரு பீப்பாய், முன்பக்கம் வெட்டி நிற்க வசதி செய்தது. ஒரு ரொட்டிக்கடைக்காரர் அதற்குள் ஏறினார். ஏறிப் பொய் சொல்லத் தொடங்கினார், ஜெயராஜ் என் காதில் தமிழில் ஊதினார். மேயர் தன் மாமியாருக்குப் பயந்து சாக்கடைக்குள் குடும்பம் நடத்துகிறாராம். பாதிரியாரின் சைக்கிள் தானாகவே சாராயக்கடைக்குப் போகிறதாம். ஒவ்வொரு பொய் முடிந்ததும் நிறுத்துகிறார். உடனே பேண்டு வாத்தியம் டட்டா, டட்டா, டட்டா என்று முழங்குகிறது. ஜனங்கள் கையை வீசி "ஹெலாவ்" என்று கத்துகிறார்கள். முழக்கம் ஓய்ந்ததும் அடுத்த பொய். வேபர் மேஜையைக் குத்திக் குத்திக் கத்துகிறார். மணி கிணுகிணு என்கிறது.

எனக்குப் புரிய நேரமாகவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

இடைவேளை விட்டதும் எழுந்தேன். "வாங் தம்பி" என்று ஜெயராஜின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்க கூப்பிடுதீய?"

"மேடைக்கு."

"ஐயோ அண்ணாச்சி, வேண்டாம். ப்ராப்ளம் ஆயிரும்."

"ஆகட்டுமுங். நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. சக்கரை போடாதீங்க."

வேபர் முன் போய் நின்றேன். "ஏனய்யா, உமக்கு வெட்கமாக இல்லை?" என்று ஆரம்பித்தேன். "அந்த ரொட்டிக்காரன் பீப்பாயில் நின்று புளுகுகிறான். இது பொய் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொன்னானா? இல்லை. நீர் மேஜையைக் குத்துகிறீர். என் சிநேகிதன் உம் வீட்டில் உட்கார்ந்து, ஐயா இது உண்மையில்லை, கதை என்று முதலிலேயே சொன்னான். அவனைப் பொய்யன் என்கிறீர். அவன் நிறுத்தி நிறுத்திப் பார்த்தது எதற்கு? உம்முடைய டட்டாவுக்கு. அவன் ஊரில் பேண்டு கிடையாது. கேட்கிறவன்தான் எழுந்து, அன்று நானும் அங்கே இருந்தேன் என்று குறுக்கே வந்து பாட வேண்டும். நான் கதைக்கு உம் கொட்டினால் கேக் பிடிக்கவில்லையா என்கிறீர். நீர் பிணம் மாதிரி உட்கார்ந்திருந்தீர். கதையைக் கொன்றது அவனா, நீரா?"

ஜெயராஜ் ஜெர்மனில் சொன்னார். நான் சொன்னதில் பாதி நீளம்கூட இல்லை.

"பிணம்னு சொன்னீங்களா தம்பி?"

"கொயட்டா இருந்தீங்கன்னு சொன்னேன்."

"பிணம்னு சொல்லுங்க."

சொன்னார். சொல்லிவிட்டு ஓர் எட்டு பின்னால் போய் நின்றுகொண்டார்.

வேபர் குல்லாயைக் கழற்றி உள்ளே பார்த்தார், அதற்குள் ஏதோ எழுதியிருப்பதுபோல. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முதல் வாக்கியம் எல்லாக் கதைக்கும் உண்டா?"

"எல்லாக் கதைக்கும்" என்று எனக்குப் பின்னாலிருந்து குவாக்குவின் குரல் வந்தது. என்னை இழுத்துப்போக வந்திருக்கிறான்.

வேபர் குல்லாயைத் திரும்ப மாட்டினார். பீப்பாயைக் காட்டினார். "ஏறு" என்றார்.

குவாக்கு மண்டபத்து ஜன்னல்களைப் பார்த்தான். கனத்த திரைகள் மூடியிருந்தன. "இருட்டுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறினான். நெடியவன் என்பதால் பீப்பாய் அவனுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. மண்டபம் அமைதியானது. அன்று காப்பி மேஜையில் இருந்த அதே அமைதி. முன்வரிசையில் ரெனாட்டே முகத்தை மூடிக்கொண்டாள்.

"நாங்கள் சொல்லப்போவது உண்மை இல்லை" என்றான் குவாக்கு. "உண்மை என்று நாங்கள் சொல்லவே இல்லை."

வேபர் பேண்டுக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். டட்டா, டட்டா, டட்டா. மண்டபம் முழுக்க "ஹெலாவ்" என்றது. நானும் என்னால் முடிந்த மட்டும் ஒரு "உம்" போட்டேன்.

குவாக்குவின் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வருஷத்தில் அந்த நாட்டில் அவன் கதைக்குப் பதில் வந்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. வானத்துக் கடவுள் கதைகளுக்கு விலை சொல்கிறார்: மலைப்பாம்பு, குளவிக் கூட்டம், சிறுத்தை எல்லாவற்றையும் உயிரோடு பிடித்துவா. சிலந்தி வீட்டுக்கு வந்து பெண்டாட்டி ஆசோவிடம் தலையில் கைவைத்து உட்காருகிறான். அவள் யோசனை சொல்கிறாள். ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர் எடு, குளவிகள்மேல் தெளி, உன் தலையிலும் தெளித்துக்கொண்டு வாழையிலையைப் பிடி. மழை வந்துவிட்டது, நனையாமல் குடுக்கைக்குள் வாருங்கள் என்று கூப்பிடு. குளவிகள் நன்றி சொல்லிக்கொண்டே நுழைகின்றன. சிலந்தி மூடியை அடைக்கிறான். டட்டா, டட்டா. என் சண்டையைக் கேட்டிருந்த கோழி வேஷ மேஸ்திரி எழுந்து, நானும் அன்று அங்கே இருந்தேன், என்னை ஒரு குளவி இங்கே கொட்டியது என்று திரும்பிக் காட்டினான். கூட்டம் அவனுக்கு ஒரு பாட்டுப் பாடியது.

மலைப்பாம்பு வந்தது. ஆசோ சொல்லிக்கொடுத்தபடி சிலந்தி ஒரு நீளக் கழியையும் கொடியையும் எடுத்துக்கொண்டு போகிறான். போகிற வழியில் தனக்குத்தானே சண்டை போடுகிறான்: "பாம்பு கழியைவிட நீளம்." "இல்லை, குட்டை." பாம்புக்கு ரோஷம். "அளந்து பார்" என்று கழியோடு ஒட்டிப் படுக்கிறது. சிலந்தி கொடியைச் சுற்றுகிறான். குவாக்கு அந்த இடத்தில் நிறுத்தினான்.

"கதையை நிறுத்து" என்று மேடையிலிருந்து ஒரு குரல். வேபர் எழுந்து நின்றார். ரயிலில் கேட்ட அதே குரல். "அன்று நான் அங்கே இருந்தேன். பணியில் இருந்தேன். அந்தப் பாம்பு மூன்று பெட்டிக்கு நீளமாகப் படுத்துக்கொண்டு, நான் குழந்தை, அரை டிக்கெட் என்றது. சிலந்தியிடம் டிக்கெட்டே இல்லை. எட்டுக் கால், எட்டுக் காலணி, ஒன்றில்கூட டிக்கெட் இல்லை."

மண்டபம் இடிந்துவிடும்போல இருந்தது. பேண்டுக்காரர்கள் யாரும் சைகை செய்யாமலே முழக்கினார்கள். குவாக்கு பீப்பாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேபரைக் கேட்டான்: "அபராதம் போட்டீர்களா?"

"போடவில்லை" என்றார் வேபர். "முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிட்டான்."

கதை முடிந்தது. கடவுள் எல்லாக் கதைகளையும் சிலந்திக்குக் கொடுத்தார். "இனித்தாலும் இனிக்காவிட்டாலும் இந்தக் கதையில் கொஞ்சம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் எனக்குத் திரும்பி வரட்டும்" என்று முறைப்படி சொல்லி இறங்கினான். ரொட்டிக்கடைக்காரர் அவனைக் கட்டிக்கொண்டார்.

வேபர் எங்கள் மேஜைக்கு வந்தார். குவாக்குவுக்கு எதிரில் உட்கார்ந்தார். ரெனாட்டே பக்கத்தில் வந்து நின்றாள், உட்காரவில்லை.

"ஒரு விஷயம்" என்றார். "குளவிக்கு யோசனை சொன்னது யார்?"

"ஆசோ."

"பாம்புக்கு?"

"ஆசோ."

"அப்படியென்றால் எல்லாவற்றையும் யோசித்தது பெண்டாட்டி. இவன் கழி தூக்கினவன், அவ்வளவுதான்."

"எங்கள் ஊரில் எல்லாருக்கும் அது தெரியும்" என்றான் குவாக்கு. "சிலந்திக்கு மட்டும் தெரியாது."

வேபர் மீசையைத் தடவினார். "என் வீட்டிலும் அவள் இருந்தவரைக்கும் அப்படித்தான்" என்றார். மகளைப் பார்த்தார். "இவளும் யோசிப்பாள். இவனைச் சமாளித்துவிடுவாள்."

ரெனாட்டே குனிந்து குல்லாயோடு சேர்த்து அவர் தலையைக் கட்டிக்கொண்டாள். மணி மூச்சுமுட்டிக் கிணுகிணுத்தது.

"சரி, சரி. வார நாட்களில் எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை" என்றார் வேபர் உள்ளேயிருந்து. "வேறு நாளில் வைத்தால் நான் வரமாட்டேன்."

"செவ்வாய்க்கிழமை" என்றான் குவாக்கு உடனே.

நான் எழுந்துவிட்டேன். "செவ்வாய்க்கிழமை எவனாவது கல்யாணம் வைப்பானா? அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்? சொல்லுங் தம்பி இவங்ககிட்ட."

"உக்காரும் அண்ணாச்சி" என்றார் ஜெயராஜ். "இத நான் டிரான்ஸ்லேட் பண்ணவே மாட்டேன்."

செவ்வாய்க்கிழமையே நடந்தது. நகராட்சி அலுவலகத்தில் அதிகாரி கல்யாணப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, எல்லாரும் கைகளைக் கோத்துக்கொண்டு மரியாதையாக நின்றிருந்தபோது, வேபர் மட்டும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "உம்" என்றார்.